சுரமண்டலம் வந்த வீடு



பிள்ளைக்கு இசை கற்பிக்க விரும்புகிறோம், எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்று கேட்டு இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உங்களில் பலர். இம்மாதம் கீபோர்டைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, நம் வேதாகமத்தில் அதிகம் பேசப்பட்டும் நம் சபைகளில் ஏறக்குறைய ஒருவரும் கண்ணால் காணாத ஒரு கருவியைக் குறித்து எழுதுகிறேன். நாம் சுரமண்டலம் என்று வாசிக்கிறோமே, அதுதான்.

குப்பம் உங்களில் அநேகருக்குத் தெரிந்த ஊர். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில், ஜோலார்பேட்டையைத் தாண்டி பங்காருப்பேட்டைக்கு முன்னால், ஆந்திரத்தின் ஒரு மூலை தமிழகத்துக்கும் கருநாடகத்துக்கும் நடுவே நீண்டிருக்கிற இடத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பிழைப்புக்குப் போன இடத்தில் கன்னடம் என்று மூன்று மொழிகளில் வாழ்கிற ஜனங்கள். திராவிடப் பல்கலைக்கழகத்தை 1997இல் இங்கே அமைத்தது பொருத்தமே. அந்த ஊருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்துக் குடும்பத்தின் காரியத்தை, அவர்களுடைய அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல் உங்களுக்குச் சொல்லுகிறேன்.

கணவர் பெங்களூரில் சென்டரிங் வேலை செய்தவர். மனைவி ஒயிட்ஃபீல்டு பக்கம் வீட்டுவேலை செய்தார்கள். கிருஷ்ணராஜபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. மகள் ஒருத்தி. 2022இல், அந்தச் சகோதரி வேலை செய்த வீட்டு அம்மையார் வெளிநாட்டுக்கே திரும்பிச் செல்லும்போது, கட்டில், மிக்ஸி முதலானவற்றோடு துணியில் சுற்றிய ஒரு பெரிய பொருளையும் கொடுத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தால், படங்களில் தேவதூதர் கையில் வைத்திருப்பதுபோன்ற ஒரு ஹார்ப். மடியில் வைத்து வாசிக்கிற சிறியது. இருபத்திரண்டு நைலான் நரம்புகள். மறு வருடம் சாரத்திலிருந்து தவறி விழுந்து கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வாடகை கொடுக்க வழியின்றிக் குடும்பம் ஊருக்குத் திரும்பியது. சாமான் வண்டியில் இடமில்லையென்று பீரோவை விற்றுவிட்டார்கள். ஹார்ப்பை மட்டும் மகள் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம்.

அதற்குமேல் சொல்லுவதற்குமுன், அது இன்ன கருவி என்பதைப் பார்த்துவிடுவோம். ஏனெனில் அங்கே முதன்முதல் எழுந்த விவாதமே பெயரைக் குறித்ததுதான். முப்பத்துமூன்றாம் சங்கீதத்தின் இரண்டாம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெயத்தில் முதலில் வருவது கின்னோர், அடுத்து வருவது பத்து நரம்புள்ள நேவெல். நம் தமிழ் வேதாகமம் முதலாவதைச் சுரமண்டலம் என்றும் இரண்டாவதை வீணை என்றும் சொல்லுகிறது. தெலுங்கு வேதாகமத்தைத் திறந்தால் முதலாவது சிதாரா, இரண்டாவதுதான் ஸ்வரமண்டலமு! கன்னடத்தில் முதலாவது கின்னரி. ஆகவே பாட்டியார் ஒரு பெயரும், பள்ளியில் தெலுங்கு படிக்கிற பேத்தி வேறொரு பெயரும் சொல்ல, இரண்டுபேரும் வேதாகமத்தையே சாட்சிக்கு அழைத்தார்கள். தமிழிலேயே இன்னும் ஒரு வேறுபாடு உண்டு. பாபிலோனின் ஆறுகளண்டையில் சிறைப்பட்டுப்போனவர்கள் மரங்களில் தொங்கவிட்டதும் அதே கின்னோர்தான். அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் கின்னரம் என்று எழுதினார்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ யாழ் என்னும் பழந்தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டது.

உண்மையில் தாவீதின் கின்னோர் இன்றைய ஹார்ப் அன்று. ஒரு பெட்டி, அதிலிருந்து எழும்பும் இரண்டு கைகள், கைகளை இணைக்கும் குறுக்குச் சட்டம், சட்டத்திலிருந்து பெட்டிக்கு இறங்கும் நரம்புகள்: இதை லையர் என்பார்கள். யூத சரித்திர ஆசிரியனான யோசேப்பஸ், அதற்குப் பத்து நரம்பு என்றும் கோலினால் மீட்டப்படும் என்றும், மற்றொன்று பன்னிரண்டு ஸ்வரமுள்ளதாய் விரல்களால் மீட்டப்படும் என்றும் எழுதியிருக்கிறார். வேதத்திலோ தாவீது தன் கையினால் வாசித்தான் என்று பார்க்கிறோம். வல்லுநர்கள் இதைக்குறித்து இன்னும் பேசிக்கொண்டிருக்கட்டும்.

நம் தமிழர் கையிலிருந்த யாழோ, மெய்யாகவே ஹார்ப் வகையைச் சேர்ந்தது. வில்போல் வளைந்த தண்டும் தோல் போர்த்த பத்தரும் உடையது. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று சிலப்பதிகார உரை சொல்லும். பாணர்கள் அதைத் தோளில் சுமந்து ஊர் ஊராய்ப் பிழைப்புக்குப் போனார்கள். ஒரு வகையில் அவர்களும் உங்களைப்போல் இடம்பெயர்ந்தவர்களே. பின்பு மெட்டுகள் வைத்த வீணை வந்தது. நரம்பை இழுத்து ஸ்வரத்தை வளைக்கவும் அசைக்கவும் வீணையில் முடியும். ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம் என்றிருந்த யாழில் அது கடினம். நம் இசை அந்த அசைவையே விரும்பியபடியால் யாழ் மறைந்தது. மட்டக்களப்புப் பகுதியில் பிறந்து, கணிதமும் விஞ்ஞானமும் கற்ற விபுலானந்தர், அதன் நரம்புகளின் அளவுகளைக் கணக்கிட்டு யாழ் நூல் என்னும் பெரிய புத்தகத்தை 1947இல் வெளியிட்டார். அதே ஆண்டில் காலமானார். அண்மை வருடங்களில் தருண் சேகர் என்னும் இளைஞர் சென்னையில் யாழைத் திரும்பச் செய்து, 2021இல் அதைக்கொண்டு ஒரு பாடலும் வெளியிட்டார். பர்மாவில் இந்த வளைந்த யாழின் இனம் இன்னும் அரங்கில் ஒலிக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் மண்டலா பகுதியில் பர்தான் மக்களிடத்தில் ஐந்து நரம்புகளோடு பின்பாஜா என்ற பெயரில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆகையால், இது வெள்ளைக்காரர் கருவி, நம் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்ட உறவினர்களுக்கு நான் கொடுத்த பதில் இவ்வளவு நீளமானது. பொறுமையாய்க் கேட்டார்கள்.

சரி, கற்றுக்கொள்ளுவது எப்படி? அந்தப் பெண்பிள்ளைக்கு அப்பொழுது பதின்மூன்று வயது. ஆசிரியர் கிடையாது. நானும் ஹார்ப் வாசித்தவளல்ல. ஞாயிறு பள்ளியில் ஆர்மோனியம் சொல்லிக்கொடுக்கிறவள். இருவரும் சேர்ந்தே கற்றோம் என்பதே சரி. நீங்களும் ஒன்றை முயன்று பார்க்கும்படி, நாங்கள் கண்டதை எழுதுகிறேன்.

நரம்புகளைப் பார்த்துப் பயப்படவேண்டாம். சிவப்பு நரம்புகள் எல்லாம் 'சி', கறுப்பு நரம்புகள் எல்லாம் 'எஃப்'. கீபோர்டில் வெள்ளைக் கட்டைகள் எந்த ஒழுங்கில் இருக்கிறதோ அதே ஒழுங்கு. சிவப்பை 'ச' என்று வைத்துக்கொண்டால் கறுப்பு 'ம'. ஒன்றையும் மாற்றாமல் வரிசையாய் மீட்டினால் சங்கராபரணம். இருபத்திரண்டு நரம்பு என்றால் மூன்று ஸ்தாயியும் மேலே ஒரு ச-வும். ஒவ்வொரு நரம்பின் தலையிலும் ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். அதைத் தூக்கினால் அந்த ஸ்வரம் அரைப்படி ஏறும். மூன்று கறுப்பு நரம்புகளின் நெம்புகோல்களையும் தூக்கிவிட்டுப் பாருங்கள், அது கல்யாணி. பிள்ளை இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் போன் செய்து, போனிலேயே மீட்டிக் காட்டினாள்.

கருவியை வலது தோளில் சாய்த்து வைக்கவேண்டும். குட்டை நரம்புகள் நம் பக்கம் இருக்கும். இரண்டு கைகளிலும் பெருவிரல் மேல்நோக்கி நிற்கட்டும். சுண்டுவிரலுக்கு இதில் வேலையே இல்லை. ஒரு கைக்கு நாலு விரல்தான். மோதிரவிரலை ச-விலும், நடுவிரலை ரி-யிலும், ஆள்காட்டிவிரலை க-விலும், பெருவிரலை ம-விலும் முன்னதாகவே வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாய் மீட்டுங்கள். மீட்டின விரல் உள்ளங்கைக்குள் மடங்கவேண்டும். நகத்தால் மீட்டாதீர்கள். முதல் இரண்டு வாரம் விரல் நுனி எரியும், மோதிரவிரல் சொன்ன பேச்சைக் கேளாது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம் போதும். கீபோர்டு பழகின கை, தேவைப்படும்போது விரலைத் தேடிப் போகும். இங்கே விரல் முன்னதாகவே போய்க் காத்திருக்கவேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்கே எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்தது சிறு பாட்டு. பீத்தோவன் 1824இல் அரங்கேற்றிய ஒன்பதாம் சிம்பொனியின் மகிழ்ச்சிப் பாடலை ஆலயங்களிலும் ஞானப்பாட்டாகப் பாடுகிறார்கள். அதன் மெட்டு, ஓரிடத்தில் கீழ் ப-வைத் தொடுவது தவிர, ச முதல் ப வரையுள்ள ஐந்து நரம்புகளுக்குள் முடிந்துவிடும். தொடக்கத்துக்கு அதைவிட நல்லதை நான் காணவில்லை. அதற்குப்பின் மோகனத்துக்குப் போங்கள். ம-வையும் நி-யையும் தொடாமல், ச ரி க ப த என்னும் ஐந்து ஸ்வரங்களை மட்டும் எப்படி மீட்டினாலும் காதுக்கு இதமாயிருக்கும். தவறு செய்தாலும் தவறுபோல் தோன்றாது. ஜான் நியூட்டன் எழுதிய 'அமேசிங் கிரேஸ்' பாட்டுக்கு 1835இல் அச்சான ஒரு தொகுப்பில் இணைக்கப்பட்ட மெட்டும் இந்த ஐந்து ஸ்வரங்களில் அடங்கியதே. மூன்று எண்ணிக்கை. வலது கை மெட்டை மீட்ட, இடது கை முதல் எண்ணிக்கையில் மட்டும் கீழ்ச் சிவப்பு நரம்பையும் அதன் மேலுள்ள ப-வையும் மீட்டினால் தம்பூராபோல் சுருதி நிற்கும். வேறு சேர்க்கைகள் ஒன்றும் ஆரம்பத்தில் வேண்டாம்.

ஒன்றை வெளிப்படையாய்ச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இதில் வாசிக்க ஆசைப்பட்டேன். வரவில்லை. ஸ்வரங்கள் வந்தன, கமகம் வரவில்லை; சதையில்லாத எலும்புபோல் ஒலித்தது. யாழை நம் முன்னோர் ஏன் விட்டார்கள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. நேரான மெட்டுள்ள ஞானப்பாட்டுகளும் எளிய துதிப்பாடல்களும் இதற்குப் பொருந்தும்.

விலையைக் கேட்பீர்கள். சிறிய ஹார்ப்பும் நம் குடும்பங்களுக்கு எட்டாத விலைதான், கடன்பட்டு வாங்காதீர்கள். சில வருடங்களாக ஏழு அல்லது பதினாறு நரம்புள்ள சீன லையர்கள் கடைகளில் வருகின்றன, விலையும் குறைவு. உருவத்தில் அவையே தாவீதின் கருவிக்கு நெருக்கம். பிள்ளைகளுக்கென்று இன்னொரு வகையும் உண்டு: தட்டையான பெட்டிமேல் நரம்புகள் இருக்கும், நரம்புகளுக்கு அடியில் பாட்டுத்தாளைச் செருகி, அதிலுள்ள புள்ளிகளைக் கோட்டின் வழியே தொடர்ந்து மீட்டினால் பாட்டு வந்துவிடும். ஸ்வரம் படிக்கத் தெரியாத பாட்டியாரும் வாசிக்கலாம். இவற்றுக்கு மின்சாரம் வேண்டாம். ஒற்றை அறை வீட்டில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தமும் இல்லை.

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தச் சகோதரர் தூங்கவில்லை. இரவெல்லாம் விழித்திருப்பார், பகலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், சம்பாதிக்கிற மனைவியிடத்தில் எரிந்து விழுவார். ஜெபக்கூட்டத்துக்கு வந்த சிலர், சவுலைத் தொல்லைப்படுத்தினது போன்ற ஆவி என்றார்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தைத் தானே வாசித்து, தாவீது வாசிக்கச் சவுல் ஆறுதலடைந்தான் என்று கண்டு, அன்று முதல் தினமும் இரவில் தகப்பனார் கட்டிலண்டையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். தெரிந்தது இரண்டே பாட்டு. அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்தாள். "நைனா தூங்கினாத்தான் நிறுத்துவேன் சிஸ்டர்" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அது அழகாய்த்தான் தோன்றியது. ஒரு கூட்டத்தில் அதைச் சாட்சியாகவும் சொல்லிவிட்டேன்.

பிரியமானவர்களே, நான் அந்த அதிகாரத்தோடு நிறுத்திவிட்டேன். 18ஆம் அதிகாரத்தையும் 19ஆம் அதிகாரத்தையும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டவில்லை. அங்கேயும் தாவீது வாசிக்கிறான்; அதே கை, அதே கருவி. சவுலோ ஈட்டியை எறிகிறான். ஒரு நாள் இரவு, அந்தத் தகப்பனார் பக்கத்திலிருந்த பித்தளைச் செம்பை எடுத்து வீசினார். பிள்ளைமேல் படவில்லை. கருவியின்மேல் பட்டு ஒரு நரம்பு அறுந்தது. அவள் அழவில்லையாம். தன் விசுவாசம் குறைவானபடியால்தான் நைனா சுகமாகவில்லை என்று மறுநாள் தாயிடத்தில் சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தையை அவள் வாயில் வைத்தது யார்? என் சாட்சிக்கும் அதில் பங்கு உண்டு.

அதற்குப் பின்புதான் மருத்துவரிடம் போனார்கள். போகவேண்டாம், ஜெபம் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அவர்களோடு வாதாடவில்லை. சூரைச்செடியின் கீழே சாகவேண்டுமென்று கேட்ட எலியாவுக்கு, கர்த்தர் முதலாவது பேசவில்லை, தூங்கவும் சாப்பிடவும் திரும்பத் தூங்கவும் விட்டார் என்பதை மாத்திரம் எடுத்துக் காட்டினேன். மருத்துவர் அதை மனச்சோர்வு என்றார். விபத்துக்கும் வேலையிழப்புக்கும் தீராத வலிக்கும் பின் வருவதுதான் என்றார். வலிக்கு ஒரு மருந்தும், மனச்சோர்வுக்கு ஒரு மருந்தும் கொடுத்து, சில வாரம் சென்றே பலன் தெரியும், இடையில் நிறுத்தக்கூடாது என்று எச்சரித்தார். அப்படியே ஆயிற்று. ஜெபத்தையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை. உங்கள் வீட்டில் தூக்கமற்று வாடுகிறவர் யாராகிலும் இருந்தால், அவரைக் குணமாக்கும் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைத்துவிடாதேயுங்கள். அந்த வயதில் பாட்டு பாட்டாகவே இருக்கட்டும்.

அறுந்த நரம்பின் கதை இன்னும் இருக்கிறது. கீழிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது, மத்திய ஸ்தாயியின் ப. அது இல்லாமல் மகிழ்ச்சிப் பாடலும் இல்லை, மோகனமும் இல்லை. ஹார்ப் நரம்பு குப்பத்தில் எங்கே கிடைக்கும்? இந்த நரம்பு நைலான் ஒற்றையிழைதானே, தூண்டிலுக்குப் போடுவதும் அதுதானே என்று சொன்னவர் அந்தத் தகப்பனார். வெகு நாட்களுக்குப் பிறகு அவர் தாமாக வாய் திறந்து சொன்ன யோசனை அது. அறுந்த துண்டை லேத் பட்டறையில் கொடுத்து, கனத்தை அளந்துவந்து, அதே கனத்தில் தூண்டில் நரம்பு வாங்கினார்கள். நுனியில் முடிச்சிட்டு, பெட்டியின் உள்ளிருந்து பலகைத் துளை வழியாக இழுத்து, மேலேயுள்ள ஆணியில் சுற்றினார். சாரம் கட்டின கை அல்லவா, முடிச்சு ஒரே முறையில் நின்றது.

புது நைலான் நரம்பு உடனே நிலைக்காது. இழுத்துக்கொண்டே போகும், இன்று சரியாய் வைத்த சுருதி நாளை இறங்கியிருக்கும். பல வாரங்களுக்கு இப்படி. சாவியை ஆணியில் போட்டு மயிரிழையளவு திருப்பவேண்டும். அதிகம் திருப்பினால் அறுந்துபோம். செல்போனில் ட்யூனர் வைத்துக்கொண்டு பார்க்கலாம். ஒன்றை ஏற்றினால் மற்றவை சற்று இறங்கும், ஆகையால் கடைசிவரை போய் மறுபடியும் முதலிலிருந்து வரவேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, இதை யார் செய்வது?

போன மாதம் நான் அங்கே தங்கியிருந்தேன். விடியற்காலம் நாலரை மணி இருக்கும். ஜெபிப்பதற்காக எழுந்தபோது, ரயில் சத்தம் அடங்கினபின் கூடத்தில் ஒரே ஒரு நரம்பு திரும்பத் திரும்ப ஒலித்தது. எட்டிப் பார்த்தேன். மடியில் கருவி, பக்கத்தில் செல்போன் வெளிச்சம். என்னைக் கண்டதும், "இன்னும் தூக்கம் முழுசா வரல சிஸ்டர், இதுவும் இன்னும் நிக்கல" என்றார் அந்தச் சகோதரர். பின்பு சாவியை ஆணியில் பொருத்தி, காதை நரம்பண்டை கொண்டுபோய், கொஞ்சம் திருப்பினார்.